நந்திக்கடலை நின்று பாருங்கள்

வன்னிக்கு வான் பிடித்து வருகிறவர்கள் வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டு, வட்டுவாகல் பாலத்தில் ஒரு படம் எடுத்து, இருட்டுமுன் ஊர் திரும்பிவிடுகிறார்கள். கோயிலை ஒட்டிக் கிடக்கும் நந்திக்கடல் களப்பை நின்று பார்ப்பவர் குறைவு. எனக்கு இது பெரிய மனக்குறை.

மார்கழி, தையில் விடியவே கரைக்குப் போக வேண்டும். வலசை வந்த பறவைகள் ஆழமில்லாத நீரில் இரை தேடும். கொஞ்சம் தள்ளி இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வலை வீசிக்கொண்டிருப்பார். வடக்கே சுண்டிக்குளத்தில் பூநாரைகளும் உண்டு. 1938 இல் பறவைகள் சரணாலயமான அந்த இடம் 2015 இல் தேசியப் பூங்காவானது. நந்திக்கடலை 2017 இல் இயற்கை ஒதுக்கமாக அறிவித்தார்கள்.

பறவைக்குக் காவல் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தக் களப்பின் இறாலையும் மீனையும் நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்களை வெளியே நிறுத்திவிட்டு எந்த ஒதுக்கமும் நிலைக்காது. எந்தக் காற்றுக்கு எந்தப் பறவை எங்கே இறங்கும் என்பது வலைகாரருக்குத் தெரியும். வழிகாட்டி வேலையை முதலில் அவருக்கே கொடுக்க வேண்டும்.

வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடந்த தண்ணீர் இது. பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டு இறங்குங்கள். வெறும் போத்தல்களைத் திரும்ப வானிலேயே ஏற்றிக்கொண்டு போங்கள்.