உணவுக்கு ஆகாத பிளாஸ்டிக் ஏழை வீட்டுக்கு மட்டுமா?



களை எடுக்கும் இடத்துக்கு டீ கவரில் வருது. குடிதண்ணீர் பிளாஸ்டிக் கேனில் வருது. வாசலில் தண்ணீர் பிடித்து வைக்க, கெமிக்கல் கம்பெனி கழித்துவிட்ட பேரல் பழைய சாமான் கடையிலிருந்து வருது. பூச்சிமருந்து தீர்ந்த டப்பாவைக் கழுவி வீட்டுப் புழக்கத்துக்கு வைத்துக்கொள்வதும் பல ஊர்களில் நடக்குது. இதெல்லாம் யாரும் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. பித்தளை, எவர்சில்வர் விற்கிற விலையில் ஏழைக்குக் கட்டுப்படியாவது இதுதான்.

பிளாஸ்டிக் சாக்கடையை அடைக்கும், மாடு தின்றால் சாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் கலந்த ரசாயனம் நம்ம வயிற்றுக்குள் போவதைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள்?

வளைய ஒரு ரசாயனம், நிறத்துக்கு ஒன்று, வெயில் தாங்க ஒன்று என்று கலந்துதான் பிளாஸ்டிக் செய்கிறார்கள். பிவிசியை இளக்கச் சேர்க்கும் 'தாலேட்' அதோடு கெட்டியாகப் பிணைந்து நிற்பதில்லை. சூடும் எண்ணெயும் பட்டால் கசிந்து வரும். பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கேன் செய்யப் பயன்படுவது 'பிஸ்பீனால் ஏ', சுருக்கமாக பிபிஏ. அது உடம்புக்குள் பெண் ஹார்மோன் போல வேலை செய்யும் என்று லண்டன் விஞ்ஞானி டாட்ஸ் 1936-லேயே கண்டு சொல்லிவிட்டார். கருவில் இருக்கும் பிள்ளைக்கும் பால்குடிப் பிள்ளைக்கும்தான் இதில் கவலை அதிகம்.

பேப்பர் கப் நல்லது என்று நினைக்க வேண்டாம். அதன் உள்பக்கமும் பிளாஸ்டிக் பூச்சுதான். 100 மில்லி சூடான திரவம் 15 நிமிடம் அதில் இருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று 2020-ல் காரக்பூர் ஐஐடி ஆய்வு சொன்னது.

ஒரு டீ குடித்தால் நாளைக்கே நோய் வரும் என்று நாம் பயமுறுத்தவில்லை. தினமும், வருடக்கணக்கில், பல வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதுதான் நம் கவலை.

இந்தக் கவலை அரசுக்குத் தெரியாததா? குழந்தைகளின் பால் பாட்டிலில் பிபிஏ இருக்கக்கூடாது என்று 2015-லேயே இந்திய தர நிர்ணய அமைவனம் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் பால் பாட்டிலுக்குத் தடை போட்டது. 2024 டிசம்பரில் உணவு படும் பொருட்களுக்கும் தடை என்று முடிவெடுத்தது. பெரிய கடைகளில் 'பிபிஏ இல்லை' என்று எழுதிய பாட்டில் கூடுதல் விலைக்குக் கிடைக்குது. காசு உள்ளவன் தப்பித்துக்கொள்வான். கூலிக்காரன் பிள்ளைக்கு என்ன வழி?

மருந்து டப்பா கதை இன்னும் மோசம். மீண்டும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி காலி டப்பாவை வெளியே போடக்கூடாது, அதைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்துவது தயாரிப்பாளரின் கடமையும்தான் என்று 1971-ம் வருடத்துப் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. விற்கும்போது ஊர் ஊராக வரும் கம்பெனி வண்டி, காலி டப்பாவை எடுக்க நம்ம ஊருக்கு என்றைக்காவது வந்ததுண்டா? கடைசியில் அது வரப்பில் கிடக்குது, இல்லாவிட்டால் அடுப்பங்கரைக்குப் போகுது.

சரி, எரித்துவிடலாமா? கூடாது! பிவிசி பைப் துண்டையும் குப்பையையும் சேர்த்து எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு கிளம்பும். அது புல்லில் படியும், மாடு மேயும், பாலின் கொழுப்பில் சேரும். நம்ம பால், நம்ம பிள்ளைக்கே விஷமாகணுமா?

முடியாத காரியத்தையா கேட்கிறோம்? பிரேசிலில் 2000-ம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். விவசாயி டப்பாவை அலசித் திருப்பித் தரணும். கடைக்காரர் அதற்கு இடம் காட்டணும். கம்பெனி எடுத்துப் போகணும். அங்கே மருந்து பட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பிப் போகுது. பிரேசில் விவசாயிக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. அபராதம் கட்டுவது டீக்கடைக்காரரும் பூக்கார அம்மாவும். செய்து அனுப்புகிற ஆலைக்காரனை முதலில் பிடியுங்கள் என்கிறோம்!

நமது கோரிக்கைகள்:

1. காலி மருந்து டப்பாக்களைக் கம்பெனிகளே மருந்துக்கடை மூலம் திரும்ப எடுக்க வேண்டும். கொண்டுவரும் விவசாயிக்கு டப்பாவுக்கு இவ்வளவு என்று பணம் தர வேண்டும்.
2. கெமிக்கல் பேரல்களைத் தண்ணீர் பிடிக்க விற்பதைத் தடை செய்ய வேண்டும்.
3. பால் பாட்டிலுக்கு உள்ள பிபிஏ தடை, தண்ணீர் கேனுக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் வர வேண்டும்.
4. ரேஷன் கடையில் எவர்சில்வர் குடமும் தூக்குவாளியும் மானிய விலையில் தர வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். வயலுக்கு டீ தூக்குவாளியில் வரட்டும். சூடான குழம்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் கவரில் வாங்காதீர்கள். மருந்து டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் அடுத்த விவசாயிகள் குறைதீர் நாளுக்கு, மூன்று முறை அலசி மூடி போட்ட காலி டப்பாக்களைச் சாக்கில் கட்டிக் கொண்டு வாருங்கள். யார் வீட்டுப் பொருளோ அவர்களிடமே ஒப்படைப்போம்!

விற்றவனே திரும்ப எடு!
ஏழை உயிருக்கும் ஒரே சட்டம் போடு!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!