காது வடியும் பிள்ளைக்காக ஒரு நாள் பேர்

"சின்னப் பிள்ளை என்றால் காதில் சீழ் வடியத்தானே செய்யும்" என்று நம் லயங்களில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். சளி பிடிக்கிறது, காது குத்துகிறது, பிள்ளை இரவு முழுக்க அழுகிறது. விடியும்போது சீழ் வெளியே வந்து வலி நின்றுவிடுகிறது. வலி போனால் வருத்தமும் போய்விட்டது என்று தாய் கொழுந்துக்குப் போய்விடுகிறாள்.

வலி நிற்பது செவிப்பறை கிழிந்து சீழுக்கு வழி கிடைப்பதால்தான். பல பிள்ளைகளுக்கு அந்தக் கிழிசல் தானாக மூடிக்கொள்ளும். மூடாமல் இரண்டு வாரத்துக்கு மேலும் வடிந்தால் அது நாட்பட்ட நடுக்காது நோய். ஓட்டை விழுந்த பறை சத்தத்தை உள்ளே சரியாகக் கடத்தாது.

அந்தப் பிள்ளை முழுச் செவிடு அல்ல. பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும், அதனால்தான் வீட்டில் தெரிவதில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், தகரக் கூரையில் மழை கொட்டும்போது, கடைசி வாங்கில் இருந்து அதற்கு ஒன்றும் விளங்காது. சொல்வதெழுதலில் "பல்" என்றால் "கல்" என்று எழுதும். கூப்பிட்டால் திரும்பாது. மந்தம், திமிர் என்று பெயர் வாங்கும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு முன்பே "இதுக்குப் படிப்பு ஏறாது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். படிப்பு ஏறாத பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதை நாம் எழுதத் தேவையில்லை. கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் பார்க்கலாம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறேழு பேர், விறகுப் புகை, காயாத சுவர், ஒருவருக்குச் சளி என்றால் எல்லோருக்கும் சளி. காது வடிவதும் வீட்டுப் பிரச்சினைதான்.

தாய்மாருக்குச் சில வார்த்தைகள். காதில் எண்ணெயோ தாய்ப்பாலோ ஊற்ற வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக முறுக்கிக் காதில் வைத்து, நனைந்ததும் எடுத்து, காயும்வரை புதுத்திரி வையுங்கள். நாளுக்கு மூன்று தடவையாவது செய்ய வேண்டும். பீலியில் குளிக்கும்போது காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது. சொட்டு மருந்தை வைத்தியர் சொல்லாமல் கடையில் வாங்காதீர்கள்; ஓட்டை விழுந்த காதில் சில மருந்துகள் கேள்வி நரம்பையே கெடுத்துவிடும். காதுக்குப் பின்னால் வீக்கம், கடும் தலையிடி, வாந்தி, தலைச்சுற்று, வாய் ஒருபக்கம் கோணுதல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சீழ் மூளைவரை ஏறும். ஓட்டை விழுந்த பறையை ஒட்டுப்போட்டு அடைக்கச் சத்திரசிகிச்சையும் உண்டு.

இதெல்லாம் சொல்வது லேசு. காது, மூக்கு, தொண்டை கிளினிக் இருப்பது டவுன் பெரியாஸ்பத்திரியில். காலை பஸ்ஸைப் பிடித்தால் திரும்பிவரப் பொழுது சாய்ந்துவிடும். அன்றைக்குப் பேர் இல்லை. அடுத்த கிளினிக்குக்கும் பேர் இல்லை. மூன்றாவது தடவை எந்தத் தாய் போவாள்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். கிளினிக் துண்டைக் காட்டும் தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றைய பேர் போடப்பட வேண்டும். பிள்ளை மடுவத்திலும் பாடசாலையிலும் தவணைக்கு ஒரு தடவை காது பார்க்கப்பட வேண்டும். கிளைத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் தங்கள் தோட்டத்தில் காது வடியும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று லயம் லயமாகக் கணக்கெடுத்து, மாத முடிவுக்குள் மாவட்டக் காரியாலயத்துக்குத் தர வேண்டும். நிர்வாகத்தோடு அடுத்த பேச்சுவார்த்தைக்கு அந்தக் கணக்கோடுதான் போகிறோம்.