தாமரை நீரூற்றும் டேங்கர் லாரியும்

போன ஞாயிறு, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவைச் சனிவார்வாடாவுக்குக் கூட்டிப்போனேன். பேஷ்வா மாளிகை 1828 தீயில் போய்விட்டது. கோட்டைச் சுவரும் வாசல்களும் அடித்தளமும்தான் மிச்சம். உள்ளே தோட்டத்தில் ஹஜாரி காரஞ்சே, பதினாறு இதழ்த் தாமரை நீரூற்று. குழந்தைப் பேஷ்வா சவாய் மாதவராவுக்காகக் கட்டியதாம்.

"மோட்டார் இல்லாம தண்ணி எப்படிடா பீச்சுச்சு?" என்றாள் அம்மா.

காத்ரஜ் ஏரி மேட்டில் இருக்கிறது. நிலத்தடிக் கால்வாயில் தண்ணீர் தானாக இறங்கி வந்தது. சுற்றியிருந்த பேட்டைகளின் பொதுத் தொட்டிகளும் அதில்தான் நிரம்பின. ஊரும் குடித்தது, பேஷ்வாவும் விளையாடினார்.

கராடியில் எங்கள் குடியிருப்பு வாசலிலும் நீரூற்று உண்டு. இந்தக் கோடையில் குடிக்கவும் டேங்கர், அதற்கும் டேங்கர்! கடன் வாங்கிப் பட்டாசு வெடிக்கிற கணக்கு என்கிறது என் வங்கிப் புத்தி. மகளுக்கோ அந்த நீரூற்றென்றால் உயிர். இருந்தாலும் அடுத்த கூட்டத்தில், மழை வரும்வரை நிறுத்தச் சொல்லப் போகிறேன். வீட்டிலேயே இப்போதைக்கு ஆதரவு அம்மா மட்டும்தான். :-)

உங்கள் குடியிருப்பில் எப்படி?