கேட்பவருக்கும் இடம் கொடுங்கள்

புத்தகக் காட்சி முடிந்த கையோடு நூல் அறிமுகக் கூட்டங்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. நூல்களும் நல்லவை, பேச வருகிறவர்களும் நன்கு படித்தவர்கள். ஆனாலும் வரவேற்புரையும் வாழ்த்துரையும் முதல் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடுகின்றன. பிறகு ஒருவர் நீண்ட கட்டுரையை எடுத்துத் தலை நிமிராமல் வாசிக்கிறார். பாதியில் நேரம் ஆகிவிட்டதென்று துண்டுச் சீட்டு போகிறது; மீதியை இன்னும் வேகமாக வாசிக்கிறார். அந்த நூலை வாங்கிப் படித்திருக்கக்கூடிய ஒருவர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க எழுந்து போகிறார்.

கட்டுரையில் குறை இல்லை. அச்சில் வந்தால் அதை இரண்டு முறை படிப்போம், பிடிபடாத பத்திக்குத் திரும்பிப் போவோம். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். சொன்னதையே வேறு விதமாகத் திரும்பச் சொல்வது, கேள்வி கேட்டு நிறுத்துவது, உதாரணத்தை முன்னால் வைத்துக் கருத்தைப் பின்னால் கொண்டுவருவது என்று மேடைக்காரர்கள் கைக்கொண்ட உத்திகள் எல்லாம் இதை உணர்ந்ததால் வந்தவை.

கேட்பவரை மனத்தில் வைத்துப் பேசினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1907இல் சுதேசி இயக்கத் தலைவர் விபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் ஆங்கிலத்தில் பேசினார். அடுத்த ஆண்டே தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் மில் தொழிலாளர்களிடம் தமிழில் பேசினார்கள். வேலைநிறுத்தம் நடந்தது. மேடைப் பேச்சுகளுக்காகச் சிவாவுக்கு 10 ஆண்டு நாடுகடத்தலும், வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. பின்னர் மேல்முறையீட்டில் குறைந்தன. தொழிலாளிக்குப் புரிகிற பேச்சைக் கண்டு அரசு அவ்வளவு அஞ்சியது.

அந்த வழியில் வந்தவர்களில் பெரியாரைப் போல இன்னொருவர் இல்லை. கடவுள், சாதி, சாத்திரம் என்று கேட்பவரின் வீட்டுக்குள்ளேயே கைவைக்கும் கருத்துகள் அவருடையவை. கல்லெறி விழுந்த கூட்டங்களிலும் அவற்றை அலங்காரமே இல்லாத பேச்சுமொழியில் மணிக்கணக்கில் சொன்னார். எதிராளி என்ன சொல்வார் என்பதைத் தானே முதலில் எடுத்துவைப்பார். பிறகு அதை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவார். கூட்டத்திலிருந்து வரும் சீட்டுக் கேள்விகளுக்கு மேடையிலேயே பதில் சொல்வார். தான் சொல்வதாலேயே நம்பிவிட வேண்டாம், சொந்த அறிவைக் கொண்டு யோசித்துப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வார். 19-12-1973 அன்று, 94 வயதில், தியாகராய நகர் மேடையில் வலியால் முனகியபடியே பேசினார். அதுதான் கடைசிப் பேச்சு. ஐந்தாம் நாள் மறைந்தார்.

இந்த எளிமையைப் பாமரத்தனம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எங்களால் அதை ஏற்க முடியாது. சிக்கலான ஒரு வாதத்தை எந்த இடத்தில் தொடங்கினால் எழுத்தறியாதவரும் கூடவே வருவார் என்று தெரிந்துகொள்ள, அந்த வாதத்தை முழுதாக யோசித்து முடித்திருக்க வேண்டும். கொள்கையில் பெரியாருக்கு நேர் எதிரே நின்ற சமயச் சொற்பொழிவாளர் கிருபானந்த வாரியாரிடமும் இதே அக்கறை இருந்தது. முன்வரிசைக் குழந்தைகளிடம் கேள்வி கேட்பார். சரியாகச் சொன்ன குழந்தைக்குச் சிறு புத்தகம் பரிசு. கந்தபுராணமும் திருப்புகழும் அப்படித்தான் எத்தனையோ குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

எளிமை வேண்டும் என்பதால் நடை வேண்டாம் என்று ஆகிவிடாது. அண்ணாவின் அடுக்குமொழி அலங்காரப் பேச்சுதான். ஆனாலும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றவரும் அதை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் காட்டினார். எதுகையும் மோனையும் தமிழ்ச் செவிக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்; அண்ணா அந்தப் பழக்கத்தின் மீது அரசியலை ஏற்றினார். பின்னால் வந்தவர்களில் பலர் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மேடைத்தமிழ் என்றாலே தீவிர வாசகர்கள் முகம் சுளிக்கும் நிலை அதனால்தான் வந்தது என்று நினைக்கிறோம். முழக்கத்தின் மீது வந்த அந்தச் சலிப்புக்கு நியாயம் உண்டு. அதற்காகக் கேட்பவரை மறந்துவிட்டுத் தாளைப் பார்த்து வாசிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

எங்கள் இதழ் நடத்தும் கூட்டங்களில் இனி 3 பேர் மட்டுமே பேசுவார்கள், ஆளுக்கு 20 நிமிடம். கையில் குறிப்பு வைத்துக்கொள்ளலாம். கட்டுரையை வாசிக்க வேண்டாம், அதை இதழில் வெளியிடுகிறோம். வாழ்த்துரையும் பொன்னாடையும் இருக்காது. மிச்ச நேரம் கேட்க வந்தவர்களுடையது. பேச ஒப்புக்கொள்ளும் நண்பர்கள், அந்த நூலை இன்னும் கையில் எடுக்காத ஒருவரை மனத்தில் வைத்துத் தயார் செய்துகொண்டு வாருங்கள். வாசகர்களே, புரியாத இடத்தில் கையை உயர்த்திக் கேளுங்கள்.