கரண்ட் வந்தாச்சு, பில் வரல

தாராவி 90 அடி ரோட்டில் கரண்ட் போனால் எனக்குக் கவலையில்லை. திரும்பி வந்தால்தான் தொல்லை. உடனே கடைக்கார அண்ணாச்சியிடமிருந்து போன் வரும். "தம்பி, லைட்டு ஃபேனு எல்லாம் ஓடுது, பில்லு மட்டும் வர மாட்டேங்குது. கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்." செம்பூரிலிருந்து கிளம்பி, குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கி, அவருடைய தோல் பைக் கடைக்குப் போக வேண்டும்.

கல்லாப் பக்கத்தில் உபுண்டு போட்ட ஒரு பெட்டி. கணக்கெல்லாம் மாடியில் வேறு மெஷினில். நடுவே ரவுட்டர். பில்லிங் சர்வீஸ் பூட் ஆகும்போதே தானாகக் கிளம்பும்; அதன் 'ஆஃப்டர்' வரியில் 'நெட்வொர்க் டார்கெட்'டும் இருக்கிறது. இருந்து என்ன? ஐபி கிடைத்ததா, எதிர்முனையில் யாராவது விழித்தார்களா என்றெல்லாம் அது பார்க்காது. சர்வீஸ் போய் மாடியைத் தட்டும், பதில் வராது, விழும். விழுந்தால் திரும்ப எழுப்பச் சொல்லி ஒரு வரி உண்டுதான். ஆனால் யாரும் மாற்றி வைக்காவிட்டால், சர்வீஸ்களைக் கிளப்பிவிடும் சிஸ்டம்டி 10 வினாடிக்குள் 5 தடவைதான் கிளப்பிப் பார்க்கும். அப்புறம் கையை விரித்துவிடும். அந்த 5 தடவையையும் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுகிறது. ரவுட்டரில் அப்போதுதான் முதல் விளக்கே எரியும்!

பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தவரை இந்த வம்பே இல்லை. பெட்டி ஆடி அசைந்து எழுவதற்குள் ரவுட்டர் தயாராகிவிடும். எஸ்எஸ்டி மாட்டினார்கள், வந்தது வினை. டிஸ்க் மட்டும் காரணமில்லை. அந்தக் காலத்து இனிட்டில் நம்பர் போட்ட ஸ்கிரிப்டுகள் ரேஷன் கடை வரிசையாக ஒவ்வொன்றாய் நகரும். 2010இல் பாட்டரிங்கும் சீவர்ஸும் சிஸ்டம்டியைக் கொண்டுவந்தார்கள். 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் அதற்கே மாறின. எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. வேகம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அண்ணாச்சி ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி உட்காரும்வரை அந்த வேகம் யாருக்கு வேண்டும்?

இதைச் சரிசெய்ய 'நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்'டை 'ஆஃப்டர்', 'வான்ட்ஸ்' இரண்டிலும் எழுத வேண்டும். ஒன்றில் மட்டும் எழுதினால் பலனில்லை. நெட்வொர்க் வந்த பிறகும் மாடி மெஷின் தூங்கிக்கொண்டிருக்கலாம் என்பதால், திரும்ப எழுப்புமுன் காத்திருக்கும் 'ரீஸ்டார்ட்செக்'கை 30 வினாடி ஆக்க வேண்டும். இதை பில்லிங் சாஃப்ட்வேர் எழுதியவர்களே செய்திருக்கலாம். ஒருநாளாவது பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர்கள் ஆபீஸில் யூபிஎஸ் இருக்கிறதே!

அடுத்த அப்டேட்டில் அடித்துக்கொண்டு போகாதபடி 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' போட்டுத் தனிக் கோப்பில் எழுதி, மெயினை அணைத்துப் போட்டுக் காட்டினேன். பில் வந்தது. அண்ணாச்சி ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார்.

"நாலு வரிதானா தம்பி? இதுக்கா காசு?"