தேகத்துள் பொருத்தப்படும் நரம்புத் தூண்டுகருவிகள் குறித்து எமது சங்கத்தின் நிலைப்பாடு

தண்டுவடத்தில் காயமுற்று இடுப்புக்குக் கீழே அசைவற்றுப்போனவர்களை மின்தூண்டுதலால் மீண்டும் எழுந்து நிற்கச் செய்யும் கருவிகளைத் தேகத்தினுள் பொருத்திக்கொள்ளுதல் தகுமா என்று எமது அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தாரும் நெடுநாளாகக் கேட்டு வருகின்றனர். தகும் என்பதே எமது அபிப்பிராயம். ஆயினும், கருவியை உள்ளே வைப்பவர்கள், அது அத்தேகத்தில் இருக்குமளவும் அதைப் பராமரிக்கும் பொறுப்பையும் சத்திர சிகிச்சைக்கு முன்னரே எழுத்து மூலம் ஏற்றாலன்றி, எவரையும் அதற்கு உடன்படுமாறு நாம் சொல்லமாட்டோம்.

காயம் நேர்ந்த இடத்துக்குக் கீழேயுள்ள நரம்புகள் பெரும்பாலோரிடத்தில் மாண்டுபோவதில்லை. மூளையின் கட்டளை வந்து சேராமையால் வாளாவிருக்கின்றன. அவ்வுண்மையைப் பற்றுக்கோடாகக் கொண்டு, அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் சர்வகலாசாலையினரும் அவ்வூர் முன்னாள் படைவீரர் மருத்துவமனையினரும் கூடி உருவாக்கிய கருவி, வயிற்றுத் தோலுக்கடியில் அமர்ந்து, எட்டுக் கம்பிகளை முதுகின் அடித்தசைகளுக்கும் பிருஷ்டத்துக்கும் தொடையின் முன்பின் தசைகளுக்கும் அனுப்பி, வெளியேயுள்ள சிறு பெட்டியிலிருந்து தோலின்மீது ஒட்டிய கம்பிச்சுருள் வழியே ரேடியோ அலையாக வரும் சக்தியையும் கட்டளையையும் பெற்று, பொத்தானை அமுக்கியதும் முழங்காலையும் இடுப்பையும் ஒருங்கே நிமிர்த்துகிறது. கைகள் வாக்கரைப் பற்றியிருத்தல் வேண்டும். சமநிலை காப்பது அவற்றின் வேலையே.

இது நடையன்று. இயல்பான முயற்சியில் தசையின் களைப்பறியாத சிறு நார்கள் முதலில் இயங்க, மின்சாரமோ விரைவில் சோரும் பெருநார்களையே முந்தி எழுப்புவதால், பலருக்கு நிற்கும் அவகாசம் சில நிமிஷங்களே. தசைக்குச் செல்லும் நரம்பே அழிந்துபட்டவருக்கு இக்கருவியால் பிரயோசனமில்லை. எனினும் அச்சில நிமிஷங்களில், நாள்தோறும் தம்மைத் தூக்கித் தூக்கி முதுகு நொந்த தாயையோ மனைவியையோ சிரமப்படுத்தாமல் ஒருவர் உயர்ந்த கட்டிலுக்கு மாறிக்கொள்ளவும், எதிரே நிற்பவரை அண்ணாந்து பாராமல் நேருக்கு நேர் பார்த்துப் பேசவும் கூடுமாயின், அதனை அற்பமென்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஆயினும், 2004-இல் வெளியான ஆய்வொன்றுக்காக ஆராய்ச்சியாளர் கிம் ஆண்டர்சன் அம்மையார் தண்டுவடத்தில் காயமுற்ற 681 பேரிடம் விசாரித்தபோது, கைகால் நான்கும் செயலிழந்தோர் கையின் பயனையும், கால் மட்டும் செயலிழந்தோர் தாம்பத்திய உறவையும் தலையாய விருப்பமாகக் குறித்தனர். மலசலக் கட்டுப்பாட்டை இரு சாராரும் வேண்டினர். நிற்றல் ஒன்றே எல்லோருடைய ஆசையுமென்று எண்ணும் ஆராய்ச்சியாளர் இதனை மறவாதிருத்தல் நலம்.

எமது நிபந்தனைக்குக் காரணம் அதே கிளீவ்லண்டில் நிகழ்ந்த ஒன்று. செயலிழந்த கை பொருளைப் பற்றுமாறு செய்த ‘ஃப்ரீஹேண்ட்’ என்னும் கருவிக்கு அமெரிக்க அரசாங்கம் 1997-இல் அனுமதி வழங்கிற்று. 200-க்கும் மேற்பட்டோர் அதனைப் பொருத்திக்கொண்டனர். கருவி பயன் தந்துகொண்டிருக்கையிலேயே, வாங்குவோர் தொகை வாணிபத்துக்குப் போதாமையால், 2001-இல் அதைச் செய்த நியூரோகண்ட்ரோல் ஸ்தாபனம் அத்தொழிலினின்றும் விலகியது. கடை மூடலாம், தோலுக்கடியில் கம்பிகளைத் தாங்கியிருப்பவர் என்ன செய்வார்?

ஆதலின், வெளிப்பெட்டிக்கும் கம்பிச்சுருளுக்கும் மாற்றுகள், பழுதுபார்த்தல், தேவையுற்றால் கருவியை அகற்றும் சிகிச்சை ஆகியவற்றின் செலவுக்கு ஸ்தாபனத்தின் கைக்கெட்டாத தனி நிதியொன்று வைக்கப்படவேண்டும் என்றும், ஸ்தாபனம் கலைந்தாலும் பிறரொருவர் செய்து கொடுக்கும்படி கருவியின் அமைப்புக் குறிப்புகள் பொது நம்பிக்கையாளரிடம் ஒப்படைக்கப்படவேண்டும் என்றும் கேட்கிறோம். 2011-இல் அமெரிக்காவின் லூயிவில் நகர ஆராய்ச்சியாளர் வெளியிட்ட பரிசோதனைக்குப் பின் பெயர்பெற்ற, தண்டுவடத்தின் உறைமீதே மின்முனைகளை வைக்கும் முறைக்கும் இவை பொருந்தும்.

இத்தகைய சுமையை ஏற்றினால் ஆராய்ச்சியே நின்றுவிடும் என்று எம்மிடம் கூறிய வைத்தியர்களை நாம் மதிக்கிறோம். அவர்களிற் பலர் தம் வாழ்நாளையே இதற்கு ஈந்தவர்கள். ஆனால் அச்சுமை எங்கும் மறைந்துபோவதில்லை. ஸ்தாபனம் ஏற்காவிடில் நோயாளியின் தேகமே அதனை ஏற்கிறது. இந்நிபந்தனைகளுக்கு இசைந்த பரிசோதனைகளின் விவரங்களைக் கேட்கும் அங்கத்தினருக்கு அனுப்பிவைப்போம். இசையாதவர்கள் ஆள் சேர்ப்பதற்கு எமது கூட்டங்களில் இடமளிக்கமாட்டோம்.