குழந்தையை நிறுத்தால் போதுமா?

ஜனங்கள் பால்வாடி என்று சொல்லும் அங்கன்வாடிகள் 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி இந்திய சர்க்காரால் ஆரம்பிக்கப்பட்டவை. அங்கே குழந்தையை நிறுக்கிறார்கள், உயரம் அளக்கிறார்கள், அரிசி பருப்புக்குக் கணக்கு எழுதுகிறார்கள். 2021 முதல் இக்கணக்குகள் செல்போன் மூலமாகவும் சர்க்காருக்குப் போய்ச் சேருகின்றன. இவை வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை.

ஆனால், நாம் கேட்பது என்னவென்றால், அந்தச் சோறு குழந்தையின் வாய்க்குள் எப்படிப் போயிற்று என்பதற்கும், குழந்தை அன்று எவ்வளவு நேரம் ஓடி விளையாடிற்று என்பதற்கும் கணக்கு எங்கே என்பதேயாகும்.

“சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான்,” “தட்டைக் காலி செய்தால் மிட்டாய்,” “குறும்பு செய்தாயல்லவா, விளையாடாதே, மூலையில் உட்கார்” என்கிற பேச்சுகளை வீட்டிலும் வெளியிலும் யார்தான் கேட்டதில்லை? போதும் என்று குழந்தை சொன்னால் அதன் வயிறு அதற்குத் தெரியாதென்றும், நமக்குத்தான் தெரியுமென்றும் நினைப்பது என்ன அறிவுடைமை?

1984-ல் அமெரிக்காவில் லியான் பர்ச் என்ற அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு உண்டென்று சொல்லிப் பழக்கப்பட்ட குழந்தைகளுக்கு அப்பானத்தின்மேல் விருப்பம் குறைந்தே போயிற்று. விளையாட்டைப் பற்றியோ, 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிஷமாவது உடலை அசைத்து ஆட வேண்டும், அதில் 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. இப்படியிருக்க, விளையாட்டைப் பறிப்பது தண்டனையாகுமா, கொடுமையாகுமா?

நடத்தையை எப்படி அளப்பது என்று சிலர் கேட்கலாம். வட கரோலினா சர்வகலாசாலையார் அதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் நிலையத்தில் ஒரு நாள் முழுவதும் இருந்து பார்த்துக் குறிக்கிறார். டீச்சர் குழந்தைகளோடு உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிட்டாரா? வேண்டாமென்ற குழந்தையை வற்புறுத்தினாரா? தின்பண்டத்தைப் பரிசாகக் கொடுத்தாரா? விளையாட்டைத் தண்டனையாக நிறுத்தினாரா? தாமும் கூடச் சேர்ந்து விளையாடினாரா? இவ்வளவுதான். ஏட்டில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல் கண்ணால் கண்டதைக் குறிப்பதே இதன் யோக்கியதை.

நிற்க, இந்த அளவைக் கொண்டு டீச்சரையும் ஆயாவையும் மிரட்டப் புறப்பட்டால் அதைவிட அக்கிரமம் வேறில்லை. அவர்கள் பெறுவதற்குச் சம்பளம் என்ற பெயர்கூட இல்லை, “மதிப்பூதியம்” என்கிறார்கள். மத்திய சர்க்கார் 2018-ல் டீச்சருக்கு உயர்த்தி நிர்ணயித்தது மாதம் 4,500 ரூபாய். அதன்மேல் மாநில சர்க்கார்கள் கொடுப்பது வேறு. சமையல், பாடம், வீடு வீடாகக் கணக்கெடுப்பு, பதிவேடு, செல்போன் எல்லாவற்றையும் இரண்டு பெண்கள் தலையில் கட்டிவிட்டு, குழந்தையோடு ஏன் விளையாடவில்லை என்று கேட்க யாருக்கு வாயுண்டு? முற்றமே இல்லாத அறையில் குழந்தை எங்கே ஓடும்? அளந்தால் இக்குறைகளும் வெளிவரும். வெளிவரட்டும் என்பதற்காகவே அளக்கச் சொல்லுகிறோம்.

ஆகவே, சர்க்கார் தராசு வைத்ததுபோலவே இம்மாதிரிப் பார்வைக்கும் ஏற்பாடு செய்து, கண்ட குறைக்குத் தக்கபடி பயிற்சியும், ஆளும், இடமும், நியாயமான கூலியும் கொடுக்க வேண்டும். பெற்றோர்களும் சாப்பாட்டு வேளையில் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்க்கட்டும். குழந்தையின் எடை எவ்வளவு என்று கேட்பவர்கள், அது பயமில்லாமல் சாப்பிட்டதா என்றும் கேட்கப் பழக வேண்டும்.